டாக்டர் ஓட்டின வண்டி

கோயம்புத்தூரில், பழைய கார்களை விற்கும் மைதானம் ஒன்றில், ஒரு சிவப்பு வண்டி நின்றிருந்தது. ஒரு வண்டி என்று சொல்வது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் வழக்கம். உள்ளே இருந்தவர்கள் தங்களை அப்படி ஒன்றாக நினைத்துக்கொண்டதே இல்லை.

இன்ஜின், பாடியோடு கம்பெனியிலிருந்து வந்தது. காற்றை அழுத்தி ஊதி இன்ஜினுக்கு வேகம் கூட்டும் டர்போ, பெங்களூரில் மோதி நொறுங்கிய வேறொரு வண்டியிலிருந்து பிழைத்து வந்தது. ஸ்பிரிங்குகள் கப்பலில் வந்தவை. முன்சக்கரங்களின் பெரிய பிரேக்குகள் இதைவிடப் பெரிய காருக்குச் செய்யப்பட்டவை. சீட்டுகள், பந்தயத்தில் தோற்ற ஒரு காரிலிருந்து மலிவாகக் கிடைத்தவை. சைலன்சரை பீளமேட்டில் ஒரு பட்டறையில் கையாலேயே வளைத்து வெல்டிங் வைத்தார்கள். பெயர்தான் சைலன்சர். அது வாயைத் திறந்தால் அடுத்த தெருவில் தொட்டில் குழந்தை எழுந்து அழும்.

மூன்று இளைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக அந்த வண்டியை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைப் பூட்டினார், தான் பூட்டியதை மட்டும் நேசித்தார், பிறகு கல்யாணம் என்றோ வெளிநாடு என்றோ விற்றுவிட்டுப் போனார். அதனால் உள்ளே இருந்த ஒவ்வொன்றும், இந்த வண்டி தனக்காகத்தான் இருக்கிறது என்று நம்பியது.

சண்டைக்குக் குறைவில்லை.

"டர்போவிடம் பேசிப் பயனில்லை. இந்த சிக்னலில் கேட்டால் அடுத்த சிக்னலில்தான் பதில் வரும்" என்று இன்ஜின் அலுத்துக்கொள்ளும்.

அது உண்மைதான். டர்போவுக்கு மூச்சு நிரம்ப நேரம் வேண்டும். நிரம்பிய பிறகு அது பேசினால் வேறு யாரும் பேச முடியாது.

"நீங்கள் எல்லாம் ஒரு பள்ளத்துக்காவது வளைந்து கொடுத்திருக்கிறீர்களா?" என்று சீட்டுகள் ஸ்பிரிங்குகளைக் கேட்கும். "வளைவதற்கா எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள்?" என்று ஸ்பிரிங்குகள் திருப்பிக் கேட்கும்.

சண்டையில் சேராதது ஸ்டெப்னி மட்டும்தான். பின்னால், டிக்கியின் அடியில், இருட்டில் படுத்திருக்கும் மாற்றுச் சக்கரம் அது. கம்பெனியில் வைத்த இடத்திலேயே இருந்தது. ஒருநாள்கூடச் சாலையைத் தொட்டதில்லை.

"இன்றைக்கு எனக்கு வேலை இருக்குமா?" என்று அது தினமும் கேட்கும்.

"இருக்கும், இருக்கும்" என்று இன்ஜின் சொல்லும்.

பிரேக்குகள் மட்டும் பேசாமல் இருக்கும். தாங்கள் வந்து உட்கார்ந்த பிறகு, பழைய அளவுச் சக்கரம் எதுவும் முன்பக்கம் நுழையவே நுழையாது என்று அவற்றுக்குத் தெரியும். அதை அந்தச் சக்கரத்திடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு மாலை, மைதானத்தின் சொந்தக்காரர் அமானுல்லா வண்டியின் மேல் சாய்ந்து நின்று போன் பேசினார்.

"பாண்டியா, நாளைக்குக் காலைல ஒரு ஃபேமிலி பாக்க வர்றாங்க, கொஞ்சம் வயசானவங்க. அவங்களும் எடுக்கலைன்னா நீ மதியமே வந்துரு. ஸ்பேனர் செட்டோட வா. முழுசா எவனும் சீந்த மாட்டேங்கறான். பிரிச்சுப் போட்டாத்தான் வழி."

பிரிப்பது என்றால் என்ன என்று வண்டிக்குள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற வெள்ளை வண்டியைப் போன மாதம் பிரித்தார்கள். இப்போது அதன் கதவு ஓரிடம், கண்ணாடி ஓரிடம்.

இன்ஜின்தான் முதலில் பேசியது. "நாளை வருபவர்கள் நடுவயது தாண்டியவர்கள் போலிருக்கிறது. பயமுறுத்தாமல், குலுக்காமல், அதட்டாமல் இருந்தால் நம்மை முழுதாக எடுத்துப் போகலாம். இல்லையென்றால் ஆளுக்கொரு திசை. எனக்கு ஒன்று தெரியவேண்டும். சேர்ந்தே இருக்க யாருக்கு விருப்பம்?"

"எனக்கு" என்றது ஸ்டெப்னி உடனே.

சீட்டுகள் ஆமாம் என்றன. பிரேக்குகள் ஆமாம் என்றன. சைலன்சர் கொஞ்சம் உறுமிவிட்டு ஆமாம் என்றது. ஸ்பிரிங்குகள்கூட, கொஞ்சம் விறைப்பாகத்தான், சரி என்றன.

டர்போ ஒன்றும் சொல்லவில்லை.

"பதில்?" என்றது இன்ஜின்.

டர்போ அப்போதும் பேசவில்லை. தனியாக விற்றால் மற்ற எல்லாவற்றையும்விடக் கிராக்கி உள்ள பொருள் தான்தான் என்று அதற்குத் தெரியும்.

மறுநாள் காலை நஞ்சப்பனும் அவர் மனைவி தமயந்தியும் வந்தார்கள். நஞ்சப்பன் ஒரு பம்புசெட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தவர். வாழ்நாளெல்லாம் மோட்டார்களின் சத்தத்தைக் கேட்டு, இது சரி, இது சரியில்லை என்று பிரித்து வைத்தவர். அவருக்கு ஒரு மெல்லிய கவலை முகம் உண்டு. சிரித்தால்கூட அந்தக் கவலை முழுதாக விலகாது, சற்று ஒதுங்கி நிற்கும்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். தொடவில்லை. தொட்டால் முடிவு செய்துவிடுவோமோ என்று பயந்தவர்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டாக்டர் ஓட்டின வண்டிங்கண்ணா. ஒரே கை" என்றார் அமானுல்லா. எந்த வண்டியை விற்றாலும் அதைத்தான் சொல்வார். வாய் தானாகச் சொல்லிவிடும்.

"மூன்று கை" என்று இன்ஜின் முணுமுணுத்தது.

தமயந்தி, பக்கவாட்டில் ஒட்டியிருந்த கறுப்புக் கோடுகளையும் தரையை உரசிய பம்பரையும் பார்த்தார். "எந்த டாக்டருங்க?"

அமானுல்லாவிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "எலும்பு டாக்டருங்கக்கா."

"அப்படீங்களா. தொழிலுக்குத் தோதா ஒரு வண்டி வெச்சிருந்திருக்காரு."

நஞ்சப்பன் சிரித்தார். அமானுல்லாவும் சிரித்துவிட்டார். "டாக்டரெல்லாம் இல்லீங்கக்கா. மூணு பசங்க. நல்ல பசங்க. உள்ள போட்டிருக்கற ஒவ்வொண்ணும் அசல் சாமான்."

"உக்காந்து பாரு தமயந்தி" என்றார் நஞ்சப்பன்.

தமயந்தி கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். "ஏனுங்க, இது ஏறி உக்கார்ற வண்டியா, எறங்கிப் படுக்கற வண்டியா? உக்காந்துருவேன். எந்திரிக்கறதுக்குத்தான் நாலு பேரைக் கூப்புடோணும்."

ஆனாலும் உட்கார்ந்தார். இடது காலை முதலில் வைத்து, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே எடுத்துக்கொண்டார். எடை குறைக்க வேண்டும் என்று பின்சீட்டை எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். அதனால் அமானுல்லா மைதானத்திலேயே நின்று, பிணையாக நஞ்சப்பனின் ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

வண்டி அவிநாசி ரோட்டில் இறங்கியது. எல்லோரும் சொன்னபடி நடந்தார்கள். சைலன்சர் அடித்தொண்டையில் பேசியது. ஸ்பிரிங்குகள் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் வளைந்தன.

அப்போது ஒரு பள்ளத்தில் இறங்கிய அதிர்வு, ஸ்பிரிங்குகளைத் தாண்டி, சீட்டு வழியாக ஏறி, தமயந்தியின் வலது முழங்காலில் போய் முட்டியது. அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் பார்த்துப் போங்கள். நானும் உங்களைப் போலத்தான்."

"யார் நீ?" என்றன ஸ்பிரிங்குகள்.

"வலது முட்டி. உலோகம். பிறகு வைத்தது."

ஸ்பிரிங்குகளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "மனிதர்களிலும் மாற்றுகிறார்களா? பழையவர்கள் உன்னைச் சேர்த்துக்கொண்டார்களா?"

"இடது முட்டி இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. படி ஏறும்போது நான் முதலில் போவேன். இறங்கும்போது அது முதலில் போகும். பேசாமலே நடந்துகொண்டிருக்கிறோம்."

ஸ்பிரிங்குகள் அடுத்த பள்ளத்தில் தாமாகவே இன்னும் சற்று வளைந்தன.

அந்தப் பக்கம், நஞ்சப்பனின் மார்பின் குறுக்கே கிடந்த சீட் பெல்ட்டும் ஒரு குரலைக் கேட்டது.

"அழுத்தாதே. இங்கே வேலை நடக்கிறது."

"நீ யார்?"

"ஸ்டென்ட். இதயத்துக்குப் போகும் வழியை அடைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். போன ஆடியில் வந்தேன்."

"உன்னையும் எல்லோரும் எதிர்த்தார்களா?"

"ரத்தம்தான் எதிர்த்தது. என்னைக் கண்டாலே உறைந்துவிடப் பார்க்கும். தினமும் ஒரு மாத்திரை வந்து சமாதானம் பேசிவிட்டுப் போகிறது."

"இதயம்?"

"இதயம் நல்லது. அதிகம் யோசித்துத் தேய்ந்தது, அவ்வளவுதான். தனக்கு ஒன்று வேண்டும் என்றால் அதை முதலில் சந்தேகப்படும். இது ஆசையா, சாவைப் பார்த்து வந்த பயம் ஆசை வேடம் போட்டிருக்கிறதா என்று காலையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் பார், அடிக்கும் அடி வேறு மாதிரி இருக்கிறது."

நீலாம்பூர் தாண்டி சாலை விரிந்தது. முன்னால் யாரும் இல்லை. நஞ்சப்பன் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தார்.

இன்ஜின் எச்சரித்தது. "டர்போ, வேண்டாம்."

டர்போ மூச்சை இழுத்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. மறுகணம் ஒரு சீழ்க்கை கிளம்பி, சாலை முழுவதும் வண்டியை நோக்கி ஓடிவந்தது. சீட்டுகள் இரண்டு பேரையும் பின்னால் இழுத்து அணைத்துக்கொண்டன. சைலன்சர் வாக்குறுதியை மறந்து முழுக்குரலில் கத்தியது. தமயந்தி கதவின் பிடியைப் பற்றிக்கொண்டார்.

நஞ்சப்பன் சிரித்தார். அந்தக் கவலை முகத்திலிருந்து, கவலை கொஞ்சமும் பக்கத்தில் நிற்காமல், ஒரு சிரிப்பு வந்தது. தமயந்தி சாலையைப் பார்க்காமல் அதைத்தான் பார்த்தார்.

அதனால் இருவருமே அந்தப் பள்ளத்தைப் பார்க்கவில்லை.

முன்பக்க இடது சக்கரம் அதில் இறங்கி ஏறியது. ஒரு வெடிப்பு. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து இழுத்தது. பெரிய பிரேக்குகள் கெட்டியாகப் பிடித்து, அதைப் புளியமர நிழலில் நிறுத்தின.

"முடிந்தது" என்றது இன்ஜின். "பாண்டியன் கிளம்பியிருப்பான்."

யாரும் டர்போவைத் திட்டவில்லை. திட்டாமல் இருந்தது அதற்கு என்னவோ போலிருந்தது.

நஞ்சப்பன் இறங்கி, தமயந்தியைக் கை கொடுத்து எழுப்பிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு டிக்கியைத் திறந்தார். வெளிச்சம் ஸ்டெப்னியின் மேல் விழுந்தது.

"வேலையா?" என்றது அது. "நிஜமாகவே வேலையா?"

நஞ்சப்பன் ஜாக்கி வைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, கிழிந்த சக்கரத்தை எடுத்தார். போல்ட்டுகளைத் தமயந்தி முந்தானையில் வாங்கிக்கொண்டார். ஸ்டெப்னியைத் தூக்கி முன்பக்கம் பொருத்தினார். அது பிரேக்கில் முட்டி நின்றது. திருப்பி வைத்தார். முட்டியது. இன்னொரு முறை வைத்தார். முட்டியது.

"நான் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டுமா?" என்றது ஸ்டெப்னி.

"சாய்ந்து பயனில்லை" என்றது பிரேக். அதன் குரல் தணிந்திருந்தது. "நாங்கள் வந்த அன்றே உன் இடம் போய்விட்டது. சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை."

ஸ்டெப்னி புழுதியில் சாய்ந்து நின்றது. இத்தனை வருடம் இருட்டில் தயாராக இருந்ததெல்லாம் எதற்கு என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று மற்றவர்களுக்குத் தோன்றியது.

நஞ்சப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேர்வை கழுத்தில் இறங்கியது.

"நெஞ்சு எதாச்சும் பண்ணுதுங்களா?" என்றார் தமயந்தி.

"அதெல்லாம் இல்ல. சக்கரம் சேரமாட்டேங்குது. முன்னால பெரிய பிரேக்கா மாத்திட்டாங்க. பழைய சக்கரம் இதுக்கு மேல உக்காராது."

தமயந்தி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பின்னாலயும் மாத்திட்டாங்களா?"

நஞ்சப்பன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து பின்சக்கரத்தின் இடுக்கில் பார்த்தார். பின்னால் இருந்தது கம்பெனி பிரேக், சின்னது. பையன்கள் பின்பக்கத்தைத் தொடவில்லை.

"பின்னால இருக்கற சக்கரத்தை முன்னால போட்டுட்டு," என்றார் மெதுவாக, "இதப் பின்னால போடலாம்."

"போடுங்க. நா போல்ட்டப் புடிச்சுக்கறேன்."

கிழிந்த சக்கரத்தையே முன்னால் தற்காலிகமாக மாட்டிவிட்டு, ஜாக்கியைப் பின்னால் கொண்டுபோய், அப்படியே செய்தார்கள். சிரமம்தான். வண்டி தாழ்ந்திருந்ததால் ஜாக்கி சரியாக நுழையவில்லை. தமயந்தி எங்கிருந்தோ ஒரு பலகைத் துண்டைப் பொறுக்கி வந்து கொடுத்தார். நஞ்சப்பன் முட்டி போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்பேனரை அழுத்தித் திருகினார். நடுவில் என்னவோ ஒரு பழைய மெட்டை முனகினார். தமயந்தி அதைக் கேட்டும் கேட்காததுபோல இருந்தார்.

ஸ்டெப்னி பின்பக்கம் போய் உட்கார்ந்தது. முட்டவில்லை.

"சாலை சூடாக இருக்கிறது" என்றது அது.

"எப்போதும் அப்படித்தான்" என்றது பக்கத்துச் சக்கரம். "பழகிவிடும்."

திரும்பும் வழியெல்லாம் வண்டி மெதுவாகவே போனது. ஸ்டெப்னி மற்றவற்றைவிடச் சிறியது, ஓடிப் பழகாதது. அதை வைத்துக்கொண்டு வேகம் போக முடியாது. இன்ஜின் தாழ்ந்த குரலில் ஓடியது. ஸ்பிரிங்குகள் பின்பக்க மூலையில் எடையை மெல்ல இறக்கின. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. ஒரு மொபெட்கூடத் தாண்டியது.

டர்போ மூச்சை அடக்கிக்கொண்டே வந்தது. அது அதற்குப் பழக்கமில்லாத வேலை. அடக்குவது ஓடுவதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அது தெரிந்துகொண்டது.

மைதானத்தில் பாண்டியன் தன் ஸ்பேனர் பெட்டியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நஞ்சப்பன் இறங்கிச் சாவியை அமானுல்லாவிடம் நீட்டினார்.

"வேண்டாமுங்க. நல்ல வண்டி. ஆனா இந்த வயசுல என்னத்துக்கு. டயருக்கு நான் குடுத்தர்றேன்."

பாண்டியன் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

தமயந்தி உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "ஏனுங்க, மொதல்ல என்னைய எழுப்பி விடுங்க."

நஞ்சப்பன் கை கொடுத்து எழுப்பினார். அவர் புடவையை உதறிவிட்டுப் பாண்டியனைப் பார்த்தார்.

"நீங்க வாங்குனா இதை என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சுருவங்கக்கா. டர்போக்கு ஆள் ரெடி. பிரேக்கு, சீட்டு, ஸ்பிரிங்கு எல்லாம் கேட்டிருக்காங்க. இன்ஜின் பிளாக் எடைக்குப் போகும்."

"அந்தச் சின்னச் சக்கரம்?"

பாண்டியன் எட்டிப் பார்த்தார். "அது எதுக்கும் ஆகாதுங்க. சும்மா குடுத்தா யாராச்சும் செடி வெப்பாங்க."

"அதுலதானே நாங்க வந்து சேந்தோம்" என்றார் தமயந்தி.

அமானுல்லாவுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. "அக்கா, பயமா இருந்தா சொல்லுங்க. எல்லாத்தையும் கழட்டிட்டுக் கம்பெனியில வந்த மாதிரியே ஆக்கிக் குடுத்தர்றேன்."

"கம்பெனியில வந்த மாதிரி வேணும்னா மொதல்ல எங்க ரெண்டு பேரையும் மாத்தோணும். இவருக்கு நெஞ்சுல ஒண்ணு போட்டிருக்கு. எனக்கு முட்டியில. பல்லு வேற கட்டியிருக்கு, அதை நா சொல்றதில்ல."

பாண்டியன் சிரிப்பை அடக்க டீயை எடுத்துக்கொண்டார்.

நஞ்சப்பன் மனைவியைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "தமயந்தி, நான் யோசிச்சுத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில படுத்துட்டு வந்ததுக்கப்புறம்தான் இந்த நெனப்பே வந்துச்சு. பயத்துல ஆசைப்படறனோன்னு இருக்கு."

"பயத்துல ஆசைப்பட்டாலும் ஆசை ஆசைதானுங்களே. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுலருந்து நீங்க ஒவ்வொரு படியா எண்ணி எண்ணி ஏறிட்டிருந்தீங்க. நானும் பாத்துட்டேதான் இருந்தேன். இன்னிக்குத்தான் உங்க கையில கிரீஸப் பாக்கறேன்."

நஞ்சப்பன் தன் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பாக இருந்தது.

"ஒருக்கா பறந்துச்சே, அது வேண்டாம்" என்றார் தமயந்தி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எப்பவாச்சும்னா பரவால்ல" என்றார்.

பிறகு திரும்பி அமானுல்லாவிடம் சத்தமாகச் சொன்னார். "அந்தக் கொழாயோட வாயக் கொஞ்சம் அடைச்சுக் குடுங்க. தெருவுல மரியாதையா இருக்கோணும். எம்பக்கத்து சீட்ட ஒரு சாண் ஏத்தி வெய்ங்க. டாக்டர் கதைய மட்டும் கழட்டிருங்க."

பாண்டியன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "என்னமோ போங்க. ஒரு டர்போ போச்சு" என்று சொல்லிவிட்டு, அமானுல்லாவிடம் டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சைலன்சர் தன் வாயில் ஒரு சிறு குழாயைச் செருகிக்கொள்ளச் சம்மதித்தது. சீட்டுக்கு ஒரு சாண் உயர்ந்ததில் பெருமைதான்.

நல்ல நாள் பார்த்து வண்டியை எடுக்க வந்தபோது, முன்பக்கம் புதுச் சக்கரம் போட்டிருந்தார்கள். ஸ்டெப்னி மறுபடி டிக்கிக்கே போயிருந்தது. அதன் உடம்பில் இப்போது கொஞ்சம் சாலைப் புழுதி இருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டாம் என்று அது வேண்டிக்கொண்டது.

நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கண்ணாடியில் சந்தனம் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நஞ்சப்பன் ஏறி உட்கார்ந்தார். தமயந்தி மட்டும் பின்னால் போய், டிக்கியைத் திறந்து, குனிந்து, ஐந்தாவது சக்கரத்துக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தார்.

பழங்கள் நசுங்கின. வண்டி மைதானத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, முதல் சிக்னலைத் தாண்டியது. நஞ்சப்பன் அவசரப்படவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

இரண்டாவது சிக்னலில் டர்போ பேசியது.

"எனக்கும்தான் விருப்பம்" என்றது.